கூப்பிடாத பந்தி

எனக்குப் பெயர் சக்கரவர்த்தி. ஆளுவது புதூர்நாட்டில் ஒன்றரை ஏக்கர் சாமைக்காடு. வரப்புக்கு அந்தப் பக்கம் எதிரி நாடு. அதுவும் ஒன்றரை ஏக்கர்தான். அதன் மன்னன் தீர்த்தகிரி, என் சித்தப்பன் மகன். சித்தப்பனா பெரியப்பனா என்பதில் அவனுக்கு வேறு கருத்து உண்டு. எங்கள் அப்பன்மார் இரட்டையர்.

நானும் அவனும் ஒரே நாளில் பிறந்தோம். மலையில் அப்போது இருந்தது ஒரே மருத்துவச்சி. இரண்டு வீட்டுக்கும் நடுவே அவள் விடிய விடிய ஓடியதில் ஒரு தடம் விழுந்தது. இன்றைக்கு ஜீப் போகிற தார் ரோடு அந்தத் தடத்தின் மேல் போட்டதுதான். யார் முந்தி என்று கேட்டால், "முந்தி வந்தது ஒண்ணு, முந்தி அழுதது ஒண்ணு" என்பாள். எது எது என்றால் வெற்றிலையை வாயில் திணித்துக்கொள்வாள். நூற்று நாலு வயதில் சாகக் கிடந்தபோது ஊரே போய்க் கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துச் செத்தாள். ஆதார் அட்டை எடுக்க வந்தவனிடம் கேட்டோம். இருவருக்கும் ஜனவரி ஒன்று என்று போட்டுவிட்டுப் போனான். ஊரில் பாதிப் பேருக்கு ஜனவரி ஒன்றுதான்.

யார் மூத்தவன் என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். சோறு ஆகப்போகிறது. எங்கள் ஊரில் விசேஷ வீட்டில் யாரும் தானாகப் போய் இலையில் உட்கார மாட்டார்கள். அந்த வகையறாவில் மூத்த ஆள் வந்து, கும்பிட்டு, பேரைச் சொல்லி, "சாப்பிட வாங்க" என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு போய் முதல் இலையில் உட்கார வைக்க வேண்டும். கூப்பிடாமல் போகிறவனுக்குச் சோத்துக்கு அலையறவன் என்று பேர். அந்தப் பேர் பேரன் காலம்வரை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகையால் மூத்தவன் யார் என்று தெரியாத வகையறாவில் பந்தி நடக்காது.

எங்கள் மூன்றாவது பங்காளி கோபால் இளையவன். அதில் சண்டை இல்லை. அவனும் அவன் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தபிறகு மிச்சம் இரண்டு பிள்ளைகள். மகன் அருள் கப்பலில் வேலை பார்க்கிறான். மகள் செவ்வந்தி ஜமுனாமரத்தூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள்.

செவ்வந்திக்கு இதற்கு முன் இரண்டு இடம் வந்து இரண்டும் பந்தியில் போனது. முதல் இடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வலது கையை நான் பிடித்தேன், இடது கையைத் தீர்த்தகிரி பிடித்தான். முதல் இலை ஒன்றுதான். அந்த ஆள் நடுவில் நின்று ஒரு முழம் அகலமாகிவிட்டார். சட்டை கிழிந்ததும் கிளம்பிவிட்டார். இரண்டாவது இடத்தில் நான் வாயைத் திறந்ததும் தீர்த்தகிரி என் வாயைப் பொத்தினான். நான் கடித்தேன். அந்த விரல் இன்றும் வளைந்தேதான் இருக்கிறது. அவன் அதைக் காட்டித்தான் ஊர் முழுக்கச் சோறு வாங்கித் தின்கிறான்.

மூன்றாவது இடம் கணியம்பாடி. பையன் ரஞ்சித்குமார். செவ்வந்தியே பார்த்துப் பேசி முடிவு செய்தது. பையனின் அத்தை ராஜேஸ்வரிதான் அந்த வீட்டில் எல்லாம். அந்த அம்மாவுக்கு மலைக்காரர்கள் என்றாலே ஒரு சுளிப்பு.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு அருள் என் வீட்டுக்கு வந்தான். கப்பலில் ஆறு வருஷம் சாப்பாடு பரிமாறியவன். நின்றால் ஒரு கை முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

"பெரியப்பா, முதல் நாள் சாயந்தரம் விருந்து. நீங்களும் கூப்பிட வேணாம், அவரும் கூப்பிட வேணாம். யாருமே கூப்பிட வேணாம். கப்பல் மாதிரி பண்ணப்போறேன்."

"கப்பல்ல இன்னாடா பண்றாங்க?"

"முன்னல்லாம் பந்தி மாதிரிதான் பெரியப்பா. ஆறு மணிக்கு ஒரு கூட்டம், எட்டேகாலுக்கு ஒரு கூட்டம். போற அன்னைக்கே மேஜை நம்பர் குடுத்துருவாங்க. கப்பல் விட்டு எறங்குற வரைக்கும் அதே மேஜை, அதே ஆளுங்க, அதே சர்வர். இப்ப அது புடிக்காதவங்களுக்கு ஓபன் சீட்டிங். அஞ்சரையிலேந்து ஒம்பதரைக்குள்ள எப்ப வேணா வரலாம். வாசல்ல ஒரு பொண்ணு நிக்கும். எத்தினி பேரு, தனி மேஜை வேணுமா, மத்தவங்களோட சேந்து உக்காருவீங்களான்னு கேக்கும். சேந்து உக்காருறோம்னா சீக்கிரம் எடம் கெடைக்கும். தனி மேஜைன்னா காலியாவுற வரைக்கும் நிக்கணும். கையில ஒரு சின்னப் பெட்டி குடுப்பாங்க. மேஜை ரெடின்னா அது நடுங்கும். தெனம் வேற மேஜை, வேற ஆளுங்க, வேற சர்வர். சமையல் மட்டும் ஒரே சமையல்."

"அதெல்லாம் சரி. சாப்பிட யாருடா கூப்பிடுவாங்க?"

"யாரும் கூப்பிட மாட்டாங்க."

"அப்புறம் எப்பிடிப் போறாங்க?"

"பசிச்சாப் போறாங்க."

என் வீட்டுக்காரி முத்தம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "பசிச்சாப் போறதுக்கு அது இன்னா மாட்டுக் கொட்டாயா?"

மூவாயிரம் பேர் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள், ஒரு சண்டை கிடையாது என்றான். நான் ஒத்துக்கொண்டேன். பயல் மேல் இருந்த பாசத்தால் அல்ல. நான் ஒத்துக்கொண்டால் தீர்த்தகிரி ஒத்துக்கொள்ள மாட்டான், பழி அவன் தலையில் விழும் என்று கணக்குப் போட்டேன். அந்த நாசமாய்ப் போனவன் அதே கணக்கைப் போட்டு, எனக்கு முந்தியே ஒத்துக்கொண்டிருக்கிறான்.

பத்திரிகையில் ஒரு வரி சேர்த்தான் அருள். அச்சகத்தில் 'ஓபன் சீட்டிங்' என்பதை 'ஓபன் சிட்டிங்' என்று அடித்துவிட்டார்கள். சிட்டிங் என்றால் எங்கள் பக்கம் பாட்டில் வைத்துச் சுற்றி உட்காருவது. விருந்தன்று சாயந்தரம் யாருக்கும் சொந்தமில்லாத பதினோரு பேர் ஊறுகாய் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலுமாக முதல் ஆளாய் வந்து நின்றார்கள்.

கொட்டகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் வட்ட மேஜைகள் வந்தன. நாலு பேர் மேஜை, ஆறு பேர் மேஜை, எட்டுப் பேர் மேஜை, ஓரத்தில் ஒரே ஒரு இரண்டு பேர் மேஜை. வெள்ளைத் துணி விரித்து, துணிக்கு மேல் இலை. பிரிஞ்சி, கத்திரிக்காய் கொத்சு, வடை, பலாப்பழப் பாயசம். வாசலைக் குறுகலாக வைத்து, அங்கே அருள் கறுப்புக் கோட்டில் நின்றான். வாசம் வரப்பைத் தாண்டிப் போய் ஏலகிரியில் ஒருத்தன் ஏப்பம் விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மணி ஆறு. வெளியே முன்னூறு பேர். உள்ளே ஒருத்தர் இல்லை.

ஆறரை. முன்னூற்றைம்பது பேர். உள்ளே ஒரு பூனை. அதையும் யாரும் கூப்பிடவில்லை. ஊர் அதைக் கேவலமாகப் பார்த்தது.

கொட்டகைக்கு இடது பக்கம் என் ஆட்கள், வலது பக்கம் தீர்த்தகிரி ஆட்கள், நடுவில் ஊறுகாய்க்காரர்கள். எவனாவது ஒருத்தன் ஓரடி முன்னால் வைத்தால் எதிர்ப் பக்கத்திலிருந்து, "பாருடா, அலையறான்" என்று குரல் வரும். அவன் ஒன்றுக்குப் போகக் கிளம்பியவன் போல வேறு பக்கம் நடந்துவிடுவான்.

அந்த நேரம் பார்த்துக் கணியம்பாடி வேன் வந்து நின்றது. ராஜேஸ்வரி அம்மா இறங்கியது. மலைப்பாதையில் நாற்பது வளைவு சுற்றிய தலையும், மத்தியானம் முழுக்கக் காலியாக வைத்திருந்த வயிறும் அதன் முகத்தில் எழுதியிருந்தது. அருள் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக் குனிந்தான்.

"வணக்கம் அத்தை. எத்தினி பேரு?"

ராஜேஸ்வரி நின்றது. "இன்னா கேட்ட?"

"எத்தினி பேரு வந்திருக்கீங்கன்னு..."

"தலையை எண்றியா? சம்பந்தி வூட்டுக்காரங்களை வாசல்ல நிக்க வச்சித் தலையை எண்றியாடா? நாங்க இன்னா ஆட்டு மந்தையா?"

"அது இல்ல அத்தை. மேஜைக்கு. மத்தவங்களோட சேந்து உக்காருவீங்களா, தனியா வேணுமா?"

"ஏன், எங்களோட சேந்து உக்கார உங்க ஆளுங்களுக்குக் கசக்குதா?"

கப்பலில் இந்தக் கேள்விக்கு யாரும் இப்படிப் பதில் சொன்னதில்லை. "அத்தை, யாரும் கூப்பிட மாட்டாங்க. நீங்களா எப்ப வேணா உள்ள போய்..."

"கூப்பிட மாட்டாங்களா!" அந்த அம்மா திரும்பித் தன் ஜனத்தைப் பார்த்தது. "கேட்டீங்களாடி? நம்மளைச் சாப்பிடக் கூப்பிட மாட்டாங்களாம்."

முத்தம்மாள் சமாதானம் செய்கிறேன் என்று போனாள். அவளை அனுப்பியிருக்கக் கூடாது. "அதாம்மா, எங்க ஊர்ல இன்னிக்கி எல்லாம் கப்பல் மாதிரி. பசிச்சவங்க போய்த் தின்னுக்கலாம்."

"நாங்க தின்னு வளந்தவங்கதான். உங்க மலை மேல வந்துதான் சோத்தைப் பாக்கணும்னு இல்ல."

"பாக்காதவங்க மூஞ்சி மாதிரிதான் கீது."

வேன் டிரைவர் சத்தம் கேட்டே வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டான். அனுபவஸ்தன்.

அருளுக்குக் கடைசியாக ஒரு யோசனை வந்தது. கப்பலில் நடுங்கும் பெட்டிக்குப் பதிலாக மாப்பிள்ளையிடம் அத்தையின் நம்பரை வாங்கி ஒரு மிஸ்டு கால் கொடுத்தான். கூப்பிட்டதாக இருக்கட்டும் என்று. போன் ஒரு தரம் அடித்து நின்றது.

ராஜேஸ்வரி அதைப் பார்த்தது. "எடுக்குறதுக்குள்ள கட் பண்றான் பாரு. வராதீங்கன்னு இதைவிட எப்பிடிச் சொல்லணும்? ஏறுங்கடி வண்டியில. டேய் ரஞ்சித்து, நீயும் ஏறு."

"அத்தை, ஒரு நிமிஷம்..."

"ஏறுடா. சோத்துக்கே கூப்பிடாதவன் பொண்ணை எப்பிடி அனுப்புவான்?"

மாப்பிள்ளை ஒரு காலை வேனில் வைத்தான். மற்றதைத் தரையில் வைத்துக்கொண்டான். அவ்வளவு தைரியம்தான் அவனிடம் இருந்தது.

அப்போதுதான் செவ்வந்தி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. இதோடு மூன்றாவது தரம். வேனைப் பார்த்தாள். நேராக எனக்கும் தீர்த்தகிரிக்கும் நடுவில் வந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"பெரியப்பா, உங்க ரெண்டு பேர்ல எவனாவது ஒருத்தன் செத்திருந்தா நான் ரெண்டு வருஷம் முன்னாடியே கல்யாணம் ஆயிப் போயிருப்பேன். எவன்னாலும் பரவாயில்ல."

எங்கள் வீட்டுப் பெண் எங்களை எவன் என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். தீர்த்தகிரி என்னைப் பார்த்தான். யார் முந்திச் சாவது என்றுதான் அவனும் யோசித்திருப்பான். அதிலும் முடிவு வந்திருக்காது.

நான் கூப்பிட்டால் அவன் ஆட்கள் நகர மாட்டார்கள். நகர்ந்தால் என்னை மூத்தவன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அவன் கூப்பிட்டால் என் ஆட்கள் நகர மாட்டார்கள். மரியாதையாகக் கூப்பிட்டால்தானே ஒத்துக்கொண்டதாகும் என்று எனக்கு அப்போது தோன்றியது. எதிரே தீர்த்தகிரியின் மச்சினன் வீரன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டேய் வீரா!" என்று கத்தினேன். "சாவு வூட்டுல பொணம் எடுக்கறதுக்கு முன்னாடியே பாயசம் இன்னா ஆச்சின்னு கேட்டவன்தானே நீ? இன்னிக்கி இன்னா புதுசா மானம்? உள்ள போய்க் கொட்டிக்கோடா!"

ஊருக்குச் சந்தேகம் வந்தது. இது அழைப்பா, வசவா? அழைப்பு என்றால் போகலாம். வசவு என்றால் போனாலும் யாரையும் மூத்தவன் என்று ஒத்துக்கொண்டதாகாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் போகலாம் என்று வீரனின் வயிறு தீர்ப்புச் சொன்னது. உள்ளே போய் எட்டுப் பேர் மேஜையில் தனியாக உட்கார்ந்தான்.

தீர்த்தகிரிக்கு நெற்றி நரம்பு புடைத்தது. அவன் ஆளை நான் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். திரும்பி என் சாமை அரைக்கிற கூட்டாளி தங்கவேலைப் பிடித்தான்.

"யோவ் தங்கவேலு! சொந்த வூட்டுல கஞ்சி ஊத்த ஆளில்ல. இங்க நின்னு வெறும் வாசத்தைத் தின்னுறியே, வெக்கமா இல்ல? போய்யா, போய் உக்காரு!"

தங்கவேல் கோபமாகத்தான் போனான். கோபத்தில் மேஜை பார்க்கவில்லை. வீரனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதன்பின் நடந்ததை நான் கூட்டிச் சொன்னால் நாக்கு அழுகிப் போகும். அவன் ஆட்களை நானும், என் ஆட்களை அவனும் பேர் பேராகக் கூப்பிட்டோம். மாடு திருடியவன், மாமியாரைத் தள்ளியவன், புளியமரத்தை இரண்டு பேருக்கு விற்றவன். நாற்பது வருஷமாக ஊர் மறைத்து வைத்திருந்தது எல்லாம் அந்த அரைமணியில் வெளியே வந்தது. ஒவ்வொருத்தனும் காது சிவக்க உள்ளே போனான். ஒரு மேஜை காலியாக இருக்கிறதா, யார் பக்கத்தில் என்று பார்க்கிற நிலையில் எவனும் இல்லை. எட்டுப் பேர் மேஜைக்கு எட்டுப் பேர் கணக்காக விழுந்தார்கள். வாசலில் அருள் விரலைக் காட்டி, "ஆறு பேர் மேஜை, இடது பக்கம்" என்று அனுப்பிக்கொண்டே இருந்தான். அவன் முகத்தில் முதல் தடவையாகக் கப்பல்காரன் தெரிந்தான். ஊறுகாய்க்காரர்களை யார் திட்டுவது என்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறி. முத்தம்மாள் திட்டினாள். பதினோரு பேரும் ஓடினார்கள்.

மிச்சம் வேன். ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே மாப்பிள்ளை. ராஜேஸ்வரி அம்மா ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் சுளிப்பு போய் ஒரு ஆவல் வந்திருந்தது. புளியமர விஷயத்தில் இரண்டாவது ஆள் யார் என்று பக்கத்தில் விசாரித்ததாம்.

நான் ஓடினேன். தீர்த்தகிரியும் ஓடினான். எழுபத்தைந்தைத் தொட்ட இரண்டு கிழவர்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு வேன் கதவுக்கு ஒரே நேரத்தில் வந்தோம். சம்பந்தியைத் திட்ட முடியாது. இருவரும் கும்பிட்டோம். இருவர் வாயிலும் ஒரே நேரத்தில் வந்தது.

"அம்மா ராஜேஸ்வரி, சாப்பிட வாங்க!"

அது இவனைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. "உங்கள்ல யாருங்க பெரியவர்?"

"நான்" என்றோம்.

முந்தி இங்கேதான் ஒரு தடவை சட்டை கிழிந்தது, ஒரு தடவை விரல் வளைந்தது. முதல் இலை ஒன்றுதான், இருவரில் ஒருத்தன்தான் கொண்டுபோய் உட்கார வைக்க முடியும். அருள் வாசலிலிருந்தே குரல் கொடுத்தான். "அத்தை, வட்ட மேஜை! முதல் இலையே கெடையாது. யார் கூப்பிட்டு வந்தாலும் ஒண்ணுதான்!"

ராஜேஸ்வரி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தது. மேஜையைச் சுற்றிச் சுற்றி இலை. எது முதல், எது கடைசி என்று பிரம்மனுக்கும் தெரியாது. மெல்லச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கியது.

"எங்க வூட்டுக் கல்யாணத்துல ஒருத்தர்தான் கூப்பிட்டாரு. இங்க ரெண்டு பேரு" என்றது தன் ஜனத்திடம். "வாங்கடி. டேய், எத்தினி பேருன்னு கேட்டியே, பதினாறு பேரு. சேந்தே உக்காருறோம்."

டிரைவர் என்ஜினை அணைத்தான். மாப்பிள்ளை இரண்டு காலையும் தரையில் வைத்தான். ராஜேஸ்வரி இரண்டாம் தரம் பாயசம் கேட்டபோதே காலையில் முகூர்த்தம் நடக்கும் என்று தெரிந்துவிட்டது. செவ்வந்தி வீட்டுக்குள் போனாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் வெளியே இரண்டே பேர். நானும் அவனும்.

அருள் வந்தான். "ரெண்டு பேர் மேஜை ஒண்ணு காலியா கீது, பெரியப்பா. வாங்க."

"யாரை மொதல்ல கூப்பிட்ட?" என்றான் தீர்த்தகிரி.

"ரெண்டு பேரையும்தான்."

"வாசல் சின்னது. ஒருத்தன்தான் போக முடியும்" என்றேன் நான். "யார் மொதல்ல?"

அருள் என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், முதுகுக்குப் பின்னால் இருந்த கையை எடுத்து முகத்தைத் துடைத்தான். "ரெண்டு பேரும் அங்கியே கெடங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அந்தப் பூனை இரண்டு பேர் மேஜையில் ஏறிப் படுத்தது.

"போய்த் தின்னுடா" என்றான் தீர்த்தகிரி.

"நீ போடா."

"நான் போனா நீ கூப்பிட்டதா ஆயிடும்."

"நான் போனா மட்டும்?"

நின்றோம். உள்ளே வீரனும் தங்கவேலும் ஒரே வடைக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது. கடைசி மேஜையும் எழுந்து, பாத்திரங்களைக் கவிழ்த்த பிறகுதான் ஆளுக்கு ஒரு பக்கமாகக் கிளம்பினோம்.

வீட்டில் முத்தம்மாள் ஏப்பம் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். கொத்சில் கொஞ்சம் உப்பு தூக்கல் என்றாள். சோறு இருக்கிறதா என்று கேட்டேன். விருந்து இருக்கிற நாளில் எந்தப் பைத்தியக்காரி அடுப்புப் பற்ற வைப்பாள் என்று கேட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்து நிலா வெளிச்சத்தில் வரப்பில் ஏறிப் பார்த்தேன். தீர்த்தகிரி வீட்டுக் கூரையிலும் புகை இல்லை. வரப்பின் அந்தக் கோடியில் அவன் நின்று என் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வயிறு நிறைந்துபோய் வந்து படுத்தேன்.